சீசனுக்கு ஆள் இல்லை: உள்ளூர்ப் பிள்ளைகளை ஹோட்டல் வேலைக்குக் கொண்டுவருவது எப்படி?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிக்கொள்கிறேன், பின்னால் வாசிக்க வருபவர்களுக்கும் விஷயம் புரியட்டும். கொடைக்கானலில் 22 அறை உள்ள விடுதி நடத்துகிறீர்கள். ஏப்ரல், மே சீசனுக்கு ஆள் கிடைப்பதில்லை. உள்ளூர்ப் பையன்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் போய்விடுகிறார்கள். வடமாநிலத்திலிருந்து வந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுகிறார்கள். கீழே ஒரு கேட்டரிங் கல்லூரிக்குப் போய்ப் பேசி இரண்டு பேரை அழைத்து வந்தீர்கள். பத்தாம் நாள் இருவரும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளைச் சுற்றுலாத் துறைக்கு இழுக்க என்னதான் செய்வது?" என்று முடித்திருக்கிறீர்கள்.

ஆளை எப்படிப் பிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். என் கண் அந்தப் பத்து நாளில்தான் நின்றது. இரண்டு பேர் மலையேறி வந்திருக்கிறார்கள். வந்தவர்களைத் தங்க வைக்க முடியவில்லை. ஆகவே உங்கள் கேள்வியை நான் இப்படி வாசிக்கிறேன்: வருகிற பிள்ளை முதல் மூன்று மாதத்தைத் தாண்ட என்ன வேண்டும், அப்புறம் அப்படித் தாண்டக்கூடிய பிள்ளையை எங்கே தேடுவது. இந்த வரிசையை மாற்றிச் செய்தால் ஒவ்வொரு வருஷமும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்பது வருஷம் ஹோட்டல் கிச்சனில் வேலை, பன்னிரண்டு வருஷம் கேட்டரிங் மாணவர்களுக்குப் பாடம், அதன்பிறகு சின்ன விடுதிகளுக்கு ஊழியர் பயிற்சி. சொந்தமாக விடுதி நடத்தியதில்லை. சம்பளம் வாங்கித்தான் பழக்கம், கொடுத்துப் பழக்கமில்லை. அதனால் பணக் கணக்கில் நான் சொல்வதை உங்கள் கணக்குப்பிள்ளையிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். ஆட்கள் ஏன் வருகிறார்கள், ஏன் போகிறார்கள் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் குறைவு. நானே ஒரு இடத்திலிருந்து ஓடியவன்.

அது 1998. சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் இண்டஸ்ட்ரியல் டிரெய்னிங். லாபியில் இத்தாலி மார்பிள். நாங்கள் படுத்தது மொட்டை மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, பதினொரு பேர். இரண்டு கக்கூஸ், அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. காலை ஏழு மணிக்குப் போய்ப் பதினொன்றுக்குத் திரும்புவோம். மறுபடி மாலை ஆறரைக்குப் போனால் ராத்திரி பதினொன்றரை. இடையில் இருக்கிற நேரத்தில் வெயிலில் அந்தக் கூரைக்குக் கீழே தூங்கவும் முடியாது, வெளியே போய்வரவும் காசு இருக்காது. ஐந்தாவது வாரம் நான் ஊருக்குப் போய்விட்டேன். அப்பா பிடித்துக் கொண்டுவந்து விட்டதால்தான் இன்றைக்கு இதை எழுதுகிறேன். வெங்காயம் உரித்ததும் பாத்திரம் தேய்த்ததும் கஷ்டமாகத் தெரிந்த ஞாபகம் இல்லை. அந்தக் கூரையை மட்டும் இன்னும் மறக்கவில்லை.

பிரேக் ஷிப்ட் என்கிற இந்த இரண்டு துண்டு வேலை நேரத்தைத்தான் நான் முதல் குற்றவாளியாகச் சொல்வேன். காகிதத்தில் அது எட்டு, ஒன்பது மணி நேரம். ஆளுடைய நாள் முழுக்கப் போய்விடும். காலை டிபனுக்கும் ராத்திரி சாப்பாட்டுக்கும்தான் கூட்டம், நடுவில் ஆளுக்கு வேலை இல்லை என்பது முதலாளியின் நியாயம். ஆனால் அதே பையனுக்குக் கோவையில் உணவு டெலிவரி வேலை காத்திருக்கிறது. அதில் வருமானம் நிலையில்லை, பெட்ரோல் செலவு, விபத்து ஆபத்து எல்லாம் உண்டு. இருந்தும் எப்போது செயலியைத் திறப்பது, எப்போது மூடுவது என்பது அவன் கையில். 19 வயதில் அது பெரிய விஷயம். சோம்பேறித்தனம் என்று இதை ஒதுக்கிவிட்டால் நீங்கள் போட்டியாளர் யார் என்றே தெரியாமல் போட்டி போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

22 அறைக்குப் பிரேக் ஷிப்டை முழுக்க ஒழிக்க முடியுமா என்றால், கிச்சனில் கஷ்டம், மற்ற இடங்களில் முடியும். சர்வீஸில் நிற்கும் பையனுக்குக் காலை டிபன் முடிந்ததும் இரண்டு மணி நேரம் அறை சுத்தம் செய்யும் வேலையைக் கற்றுக்கொடுங்கள். மூன்று மணிக்கு அவன் வீட்டுக்குப் போகட்டும். மாலை ஆள் வேறு. ஒரு ஆள் இரண்டு வேலை கற்பது உங்களுக்கும் லாபம், சீசனில் ஒருவர் படுத்துவிட்டால் இன்னொருவர் கை கொடுப்பார். கிச்சனில் வாரத்துக்கு நான்கு நாள் நேர் ஷிப்ட், இரண்டு நாள் பிரேக் ஷிப்ட் என்று பிரித்த ஒரு மலை விடுதியை எனக்குத் தெரியும். அட்டவணையைப் பத்து நாளுக்கு முன்பே சுவரில் ஒட்டிவிடுவார்கள். அங்கே ஆட்கள் நிற்க ஆரம்பித்ததற்கு அந்த அட்டவணைதான் காரணமா, புதிதாக வந்த மேனேஜரின் குணம் காரணமா என்று கேட்டால் இரண்டும் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

சரி, கல்லூரியிலிருந்து வந்த அந்த இருவர். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மூன்று வருஷம் கேட்டரிங் படிப்பவனுக்கு அட்மிஷன் நேரத்தில் காட்டப்படுவது சொகுசுக் கப்பலும் துபாய் கோபுரமும் உயரமான வெள்ளைத் தொப்பியும். நடுவில் ஐந்தாறு மாதம் பயிற்சி என்று ஒரு ஹோட்டலுக்கு அனுப்புகிறார்கள். பல இடங்களில் அது பயிற்சியாக இருப்பதில்லை; சம்பளம் இல்லாத ஆள் என்றே நடத்துகிறார்கள். நூறு கிலோ உருளைக்கிழங்கு தோல் சீவிய அனுபவத்தோடு திரும்பி வருவான். என் வகுப்பிலேயே பயிற்சிக்குப் போய்வந்த பிறகுதான் "சார், வேற ஏதாவது லைன் இருக்கா?" என்ற கேள்வி கிளம்பும். வங்கிக் கால் சென்டர், துணிக்கடை, விமான நிலையக் கவுண்டர் என்று சிதறிப் போவார்கள். தரமணியில் இருக்கிற மத்திய அரசின் ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரியிலோ திருச்சி துவாக்குடியில் இருக்கிற மாநில நிறுவனத்திலோ படித்து முடித்தவருக்குப் பெரிய நகரத்தில் கதவு திறந்திருக்கிறது. 22 அறை விடுதியில் ரூம் சர்வீஸ் பார்க்க அவர் ஏன் வரவேண்டும்? பட்டம் படித்தவரை நீங்கள் தேடுவதே தப்பு இடத்தில் வலை போடுவது என்பது என் கருத்து. உங்களுக்கு வேண்டியது பிளஸ் டூ முடித்து, கொடைக்கானலிலேயே வீடு இருந்து, வெளியே போகலாமா இங்கேயே இருக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற பிள்ளை.

அந்தப் பிள்ளைகள் முன்பைவிடக் குறைவு என்பதும் உண்மை. 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் கருவுறுதல் விகிதம் 1.4. அதாவது ஒரு வீட்டுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. இருக்கிற பிள்ளைகளிலும் கிட்டத்தட்டப் பாதி கல்லூரிக்குப் போகிறது: 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் இந்திய அளவில் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. இது பெருமைப்பட வேண்டிய விஷயம், நாம் அழ வேண்டியதில்லை. ஆனால் ஒரே பிள்ளையைக் கடன் வாங்கிப் படிக்கவைத்த அம்மா அவனைத் தட்டு எடுக்க அனுப்பமாட்டார் என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் கொரோனா. உலகப் பயண, சுற்றுலா மன்றத்தின் கணக்குப்படி 2020-ல் மட்டும் உலகம் முழுக்க இந்தத் துறையில் 6.2 கோடி வேலைகள் போயின. கணக்கை விடுங்கள். உங்கள் மலையிலேயே அன்றைக்குச் சமையல்காரரும் டிரைவரும் கைடும் என்ன ஆனார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சிலர் பூண்டு, கேரட் தோட்டத்தில் கூலிக்குப் போனார்கள், சிலர் கீழே இறங்கிக் கம்பெனி வேலையில் சேர்ந்தார்கள். வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த 13 வயசுப் பையனுக்கு இன்றைக்கு 18, 19. "ஹோட்டல் வேலைக்கு மட்டும் போயிடாதடா" என்று அவன் சித்தப்பா சொல்லியிருப்பார். நீங்கள் பள்ளிக்கூடத்தில் போய் என்ன படம் போட்டுக் காட்டினாலும் அந்தச் சித்தப்பாவின் வார்த்தையோடுதான் மோத வேண்டியிருக்கும். இதற்கு எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: ஏற்கெனவே உங்களிடம் வேலை செய்கிற ஒரு உள்ளூர்க்காரர் தன் அக்கா மகனைத் தானாகக் கூட்டிவர வேண்டும். அவர் கூட்டிவரவில்லை என்றால் ஏன் என்று அவரிடம் தனியாகக் கேளுங்கள். எந்த ஆலோசகரும் சொல்ல முடியாத பதில் அவரிடம் இருக்கும்.

பெற்றோர் கூட்டங்களில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி சம்பளத்தைப் பற்றியது இல்லை. ஒரு அம்மா, பூ விற்பவர், மகள் சேர விரும்பிய படிப்பைப் பற்றி விசாரிக்க வந்திருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்து போகும்போது கதவருகே திரும்பி நின்று, "தண்ணியடிக்கிறவங்களுக்கு ஊத்திக் கொடுக்கணுமா சார்?" என்றார். அதன்பிறகு, "ராத்திரி எத்தனை மணிக்கு விடுவாங்க?" எனக்கு அன்றைக்கு நேர்மையான பதில் கையில் இருந்தது, ஆறுதலான பதில் இல்லை. பெண்களை நீங்கள் எடுக்க விரும்பினால் (எடுக்கச் சொல்வேன், மலை ஊர்களில் வெளியூர் போகாமல் இருக்கிற படித்த பெண்கள் நிறைய) இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் வைத்திருங்கள். பார் வேலை கிடையாது. மாலை ஆறு மணிக்கு மேல் வேலை என்றால் விடுதி வண்டியில் வீட்டு வாசல் வரை கொண்டுவிடுவோம். விருந்தாளி தங்கியிருக்கும் அறைக்குள் தனியாகப் போகவேண்டியதில்லை, இருவராகத்தான் போவார்கள். இந்த மூன்று வரியும் வீட்டுக்கு எட்டினால், பாதி அம்மாக்களாவது அதற்கடுத்த கேள்வியைக் கேட்பார்கள்.

இன்னொரு விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அறை சுத்தம் செய்வது என்றால் கழிவறை கழுவுவது. நம் ஊரில் அந்த வேலைக்குச் சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. சில பையன்கள் அதனாலேயே வரமாட்டார்கள். சில விடுதிகளில், இது இன்னும் மோசம், விண்ணப்பத்தில் ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் பார்த்தே யாரை ஹவுஸ்கீப்பிங்கில் போடுவது, யாரை ரிசப்ஷனில் நிறுத்துவது என்று முடிவு செய்கிறார்கள். நான் பார்த்திருக்கிறேன். இதற்குப் பிரசங்கம் பலன் தராது. புதிதாக வருகிற எல்லோரும், ரிசப்ஷனுக்கு வருபவரும்தான், முதல் மூன்று வாரம் அறை வேலை செய்ய வேண்டும் என்று விதி வையுங்கள். முதல் நாள் கழிவறையைக் கழுவிக் காட்டுவது மேனேஜராக இருக்கட்டும். கையுறை, நீளக் கைப்பிடிப் பிரஷ், இடத்துக்கு ஒரு நிறத் துணி, இவையெல்லாம் சில நூறு ரூபாய் சமாச்சாரம். பழைய துணியும் வெறும் கையுமாக உள்ளே அனுப்பினால் அந்தப் பையன் வீட்டில் போய் என்ன சொல்வான் என்று யோசியுங்கள்.

அந்த மலை விடுதியில் பூம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிளஸ் டூவில் சுமாரான மார்க். பேசவே மாட்டான். முதல் நாள் சூப்பர்வைசர் அக்கா அவனுக்குப் படுக்கை விரிக்கக் கற்றுக்கொடுத்தார். விரிப்பைக் கால் பக்கம் உள்ளே மடித்து, ஓரத்தை முக்கோணமாகத் தூக்கிப் பிடித்து, தொங்குகிற பகுதியை மெத்தைக்கு அடியில் செருகி, தூக்கியதை இறக்கினால் மூலை கடித உறை மாதிரி வந்து நிற்கும். அவனுக்கு நான்கு தடவை வரவில்லை. அவர் ஒவ்வொரு தடவையும் உருவிப் போட்டார், திட்டவில்லை. ஐந்தாவது தடவை வந்தது. அவன் அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டான்! ஒரு வேலையைச் சரியாகச் செய்யத் தெரிகிற சந்தோஷத்தை நாம் இந்தத் துறையில் பிள்ளைகளுக்குச் சொல்வதே இல்லை, "சிரித்த முகத்தோடு சேவை" என்று மட்டும் வகுப்பெடுக்கிறோம். இரண்டு மாதம் கழித்து அவனை விருந்தாளிகளோடு பூண்டு வயலுக்கு அனுப்பினார்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு அவன் தாத்தா நிலத்தில் விளைவது. பேசாத பையன் முக்கால் மணி நேரம் பேசினான் என்று மேனேஜர் சொன்னார். அந்தப் பூண்டுப் பேச்சைக் கல்லூரியில் படித்து வந்தவரிடம் நீங்கள் எதிர்பார்க்க முடியாது.

இனி எங்கே தேடுவது. அரசு மேல்நிலைப் பள்ளிகளின் தொழிற்கல்விப் பிரிவில் உணவக மேலாண்மை என்றொரு பாடம் இருக்கிறது. உங்கள் வட்டாரத்தில் எந்தப் பள்ளியில் நடக்கிறது என்று கேட்டுப் போங்கள். ஐ.டி.ஐ.களில் உணவுத் தயாரிப்புக்கு ஒரு வருஷப் பயிற்சி உண்டு. மத்திய சுற்றுலா அமைச்சகம் 2009-ல் தொடங்கிய ஹுனர் சே ரோஸ்கார் தக் திட்டத்தில் எட்டாம் வகுப்பு படித்தவருக்கே சில வாரங்களில் சமையல், சர்வீஸ் பயிற்சி இலவசமாகக் கிடைத்தது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்குத் தரமணிக் கல்லூரியில் படிக்க, அவர்களுக்கான மாநில அரசு நிறுவனமான தாட்கோ செலவை ஏற்கிறது. 2022 மார்ச் 1-ஆம் தேதி தொடங்கிய நான் முதல்வன் என்கிற மாநில அரசின் திறன் பயிற்சித் திட்டம் வழியாகப் பள்ளிகளுக்குள் போய்ப் பேசவும் வாய்ப்பு இருக்கிறது. எந்த வருஷம் எந்தத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது மாறும், மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் நேரில் கேட்பதுதான் நல்லது. ஆறு வாரம், எட்டு வாரப் பயிற்சி முடித்தவரிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அவருக்குக் கத்தி பிடிக்கத் தெரியும், சீசன் ஞாயிற்றுக்கிழமையில் நாற்பது தோசை ஆர்டர் ஒன்றாக வந்து விழுந்தால் என்ன செய்வது என்று தெரியாது. அதை நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

இவற்றில் உங்களைப் போன்றவர்கள் கவனிக்காமல் விடுவது அப்ரண்டிஸ் முறை, அதாவது உதவித்தொகை வாங்கிக்கொண்டு வேலையிடத்திலேயே தொழில் கற்பது. 1961-ஆம் வருஷச் சட்டம். 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் அது கட்டாயம்; 2019 திருத்தத்துக்குப் பிறகு 4 பேர் முதல் 29 பேர் வரை உள்ள இடங்கள் விருப்பப்பட்டால் அப்ரண்டிஸ் எடுக்கலாம். 2016-ல் வந்த தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. தொகை பெரிதில்லை. கையெழுத்திட்ட ஒப்பந்தமும் கடைசியில் ஒரு சான்றிதழும் இருப்பதுதான் இதில் பெரிசு. "ஹோட்டலில் வேலை பார்க்கிறான்" என்பதற்கும் "அப்ரண்டிஸாக இருக்கிறான், பரீட்சை உண்டு" என்பதற்கும் கல்யாண வீட்டுப் பந்தியில் எவ்வளவு வித்தியாசம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கூலிச் செலவைக் குறைக்க மட்டும் இதைப் பிடித்தால் என் மொட்டை மாடிக் கதைதான் திரும்ப நடக்கும்.

பணத்துக்கு வருவோம். இந்தியாவில் ஹோட்டல் ஊழியர் கையில் சம்பளத்துக்கு மேல் நிற்கிற வருமானம் குறைவு. மாலத்தீவில் சுற்றுலா விடுதிகள் குறைந்தது 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் வசூலித்து ஊழியர்களுக்குப் பிரித்துத் தரவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம் பையன்கள் அங்கே ஓடுவதற்கு அது ஒரு பெரிய காரணம். இங்கே 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்றது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சாப்பிட வருபவர் பக்கம் நின்று பார்த்தால் நியாயமான முடிவுதான். ஆனால் ஊழியருக்கு அந்த வழி அடைபட்டது. ஆகவே அந்தப் பணம் அறை வாடகையிலிருந்துதான் வரவேண்டும். டிப்ஸைப் பொது உண்டியலில் போட்டு வாரம் ஒரு நாள் எல்லோர் முன்னாலும் எண்ணிப் பிரிப்பது சின்ன விஷயமாகத் தெரியும். பாத்திரம் கழுவுபவருக்கு அதில் பங்கு கிடைப்பதை மற்றவர்கள் பார்க்கிறார்கள் இல்லையா, அதற்கு மதிப்பு உண்டு.

மலை ஊரின் நிஜமான சிக்கல் சீசன். ஏப்ரல், மே முட்டி மோதும், செப்டம்பர், அக்டோபரில் கொஞ்சம், பள்ளி விடுமுறைகள், நீள் வார இறுதிகள், மற்றபடி காலி. 2024 மே முதல் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் என்கிற இணைய அனுமதிச் சீட்டு வந்துவிட்டது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், ஏப்ரலில் தொடங்கும் சீசனுக்குக் கொடைக்கானலில் சாதாரண நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று வரம்பும் வைத்தது. வியாபாரிகளுக்குக் கோபம் இருக்கிறது, தெரியும். ஆள் விஷயத்தில் மட்டும் பார்த்தால், கூட்டம் உச்சியில் வழியாமல் பரவினால் அது ஊழியருக்கு நல்லது என்று எனக்குப் படுகிறது. வரம்பு அப்படிப் பரப்பியதா, வெறுமனே குறைத்ததா என்பதை உங்கள் அறைப் பதிவேட்டைப் பார்த்து நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சீசனுக்கு எடுத்து ஜூனில் நிறுத்தும் வழக்கம் இருக்கும்வரை உள்ளூர்ப் பிள்ளை வரமாட்டான். கோவையில் கம்பெனி சம்பளம் பன்னிரண்டு மாதமும் வருகிறது. ஒரு உதாரணக் கணக்கு. நான்கு ஆளைச் சீசன் முடிந்து நிறுத்துகிறீர்கள். அடுத்த வருஷம் ஏஜென்டுக்குக் கமிஷன், ரயில் டிக்கெட், முன்பணம் வாங்கிக்கொண்டு வராதவர், வந்து முதல் மூன்று வாரம் பாதி வேலை செய்பவர், அந்த மூன்று வாரத்தில் அழுக்குத் துண்டைப் பார்த்துக் கோபமாக எழுதப்படும் ஆன்லைன் விமர்சனம். இவற்றுக்கு விலை போட்டு ஒரு பக்கம் எழுதுங்கள். மறுபக்கம் அந்த நால்வரில் இருவரை மட்டும் மழை மாதங்களில் அரைச் சம்பளத்துக்குக் குறையாமல் வைத்திருக்க என்ன ஆகும் என்று எழுதுங்கள். நான் உட்கார்ந்து பார்த்த விடுதிகளில் இரண்டு தொகையும் நினைத்ததைவிட நெருங்கி வந்தன. மழை மாதத்தில் பெயின்ட் வேலை, புதுச் சமையல் பழகுவது, சேர்த்துவைத்த விடுப்பை எடுப்பது என்று நேரத்தை நிரப்பலாம். 20 பேருக்குக் குறைவான இடத்துக்கு பி.எஃப். கட்டாயமில்லை, ஆனால் விருப்பப்பட்டுச் சேரலாம். "பி.எஃப். பிடிக்கிறாங்களா?" என்று கேட்கிற மாமனார் இன்னும் இருக்கிறார்.

வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றி நீங்கள் எழுதிய தொனி எனக்கு உறுத்தியது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் சொல்லாமல் போகிறார்கள் என்றால், சொன்னால் சம்பளப் பாக்கி வராது என்ற பயம்தான் பெரும்பாலும் காரணம். பூஜைக்கும் அறுவடைக்கும் ஊருக்குப் போவது நாம் பொங்கலுக்குப் போவது மாதிரிதான். முன்கூட்டியே தேதி கேட்டு வைத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். 2023 மார்ச்சில் அவர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது பல கிச்சன்கள் ஒரே வாரத்தில் காலியாயின. அந்த நேரத்தில் முதலாளி நேரில் வந்து உட்கார்ந்து அவர்கள் வீட்டுக்கு வீடியோ கால் போட்டுப் பேசிய இடங்களில் பலர் நின்றார்கள். உள்ளூர்ப் பிள்ளையைத் தங்கவைக்கிற அதே விஷயங்கள்தான் அசாம் பையனையும் தங்கவைக்கும்.

எனக்கே சந்தேகம் உள்ள இடத்தையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவும் செய்து வளர்த்த பையன் இரண்டு வருஷத்தில் மாலத்தீவுக்கோ வளைகுடாவுக்கோ போய்விட்டால்? போவான். சிலர் போவார்கள். அதைத் தடுக்கச் சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொள்ளும் முதலாளிகள் உண்டு. அது தப்பு, அப்புறம் ஊரில் பெயரும் கெடும். என் அனுமானம், போனவன் முதல் விடுமுறைக்கு வரும்போது தம்பியை உங்களிடம் அனுப்புவான். பூம்பாறைப் பையன் இப்போது வெளிநாட்டில் ஒரு ரிசார்ட்டில் இருக்கிறான்; அவன் ஊரிலிருந்து அதே விடுதிக்கு அதன்பின் மூன்று பேர் வந்தார்கள். ஒரு ஊர், ஒரு விடுதி, மூன்று பேர். இதை வைத்துப் பொது விதி எழுத மாட்டேன், ஆனால் அடுத்த தடவையும் நான் அப்படித்தான் செய்யச் சொல்வேன்.

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வரும் நேரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். டிசம்பரில் ஏதாவது ஒரு ராத்திரி, உங்கள் ஊழியர்கள் படுக்கிற அறையில், அவர்கள் போர்த்துகிற கம்பளியோடு படுத்துப் பாருங்கள். கொடைக்கானலில் அப்போது 8 டிகிரிக்குக் கீழே போகும். காலை ஐந்தரைக்கு எழுந்து அவர்கள் குளிக்கிற குழாயில் சுடுதண்ணீர் வருகிறதா என்றும் பாருங்கள். அதன்பிறகு ஷிப்ட் அட்டவணையையும் அந்த அறையின் படத்தையும் இங்கே போடுங்கள், அந்த இரண்டு பேர் ஏன் பத்தாம் நாள் போனார்கள் என்று சேர்ந்தே பார்க்கலாம்.